புகைக்கிடை

வெளிநாட்டுப் புகை நெடுங்கள்ளிக்கு வந்து சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு ரேஷன் கடையில் பாமாயில் போட்டார்கள் என்பதால் முதலில் யாரும் அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை. வரிசையில் நின்ற பெண்கள் பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டும், முன்னால் நிற்பவளை இடித்துக்கொண்டும் இருந்தபோது, அது கிழக்கே கடல் பக்கமிருந்து, தரையோடு தரையாக, வெகுதூரம் நடந்து களைத்த மந்தையைப் போல வந்து, ஊரணியைச் சுற்றி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, பொட்டலில் போட்டிருந்த கம்பிவேலிக்கு அடியில் நுழைந்து, முழங்கால் உயரம்கூட வளராத மரக்கன்றுகளுக்கு நடுவே படுத்துக்கொண்டது. சாம்பல் நிறம். நிலக்கரி வாடை. கை வைத்தால் சில்லென்றிருந்தது, ஏனென்றால் அது பனி பெய்கிற ஊரிலிருந்து வந்திருந்தது.

ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வரும் என்றுதான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கடலுக்கு அப்பால் ஓர் ஊரில் சிமெண்ட் ஆலை ஒன்று இருக்கிறது, அதை அணைத்தால் அந்த ஊர்க்காரர்களுக்கு வசதி குறைந்துவிடும், ஆகவே அவர்கள் புகையை அவர்கள் விட்டுக்கொண்டே இருப்பார்கள், அந்தப் புகையை நெடுங்கள்ளிப் பொட்டலில் நடுகிற மரங்கள் தின்றுவிடும், பூமி பிழைத்துக்கொள்ளும்; இதுதான் திட்டம், ‘பசுமைச் சுவாசம்’ என்று அதற்குப் பெயர். அந்தத் திட்டத்தில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியது புகை ஒன்றுதான்.

அரசாங்கக் கணக்கில் பொட்டல் வெறும் தரிசு. மழை விழுந்தால் அங்கே கொழுக்கட்டைப்புல் முளைக்கும் என்பதும், கோடையில் வேலங்காய் உதிரும் என்பதும், ஊரின் செம்மறிகளெல்லாம் அதில்தான் உயிர் வளர்த்தன என்பதும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அந்த ஆடுகளுக்குக் கீதாரி அழகுராக்கு. நாலைந்து குடும்பத்து மந்தைகளைச் சேர்த்து நடத்திப் போகிறவருக்குக் கீதாரி என்று பெயர். புருஷன் செத்ததும் அவருடைய தொரட்டிக் கம்பை வாங்கிக்கொள்ள ஆம்பிளைகள் துக்கம் கேட்கிற சாக்கில் வந்து வந்து போனார்கள், அழகுராக்கு கம்பைக் கீழே வைக்கவே இல்லை.

பொங்கல் கழிந்ததும் கீதாரிகள் மந்தையோடு தஞ்சாவூர்ச் சீமைக்கு நடப்பார்கள். அறுத்து முடிந்த வயலில் பொழுது சாயும்போது ஆடுகளை அடைப்பதும், விடிந்ததும் அவை போட்ட புழுக்கையை வயலுக்கு உரமாக விட்டுவிட்டு அடுத்த வயலுக்கு நகர்வதும்தான் கிடை போடுவது; அதற்கு நெல் கிடைக்கும். ஆடி பிறந்த பிறகுதான் ஊர் திரும்புவார்கள். போகும்போது வீட்டைப் பூட்டுவார்கள், பெட்டியைப் பூட்டுவார்கள், பொட்டலைப் பற்றி மட்டும் நினைக்க மாட்டார்கள். யாருக்கும் சொந்தமில்லாததை எவன் தூக்கிக்கொண்டு போகப்போகிறான் என்ற நினைப்பு. தலைமுறை தலைமுறையாக அவர்கள் செய்துவந்த தப்பு அது ஒன்றுதான், அது போதுமானதாக இருந்தது.

மே மாதம் முதல் தேதி, உழைக்கிறவர்களுக்காக உலகம் ஒதுக்கிவைத்த நாளில், உழைக்கிறவர்கள் ஊரில் இல்லாதபோது கிராமசபை கூடியது. ஊராட்சித் தலைவர் தவசிலிங்கம் தீர்மானத்தை வாசித்தான், வந்திருந்தவர்கள் பிரியாணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள், பொட்டல் போய்விட்டது. தவசிலிங்கம் வேறு யாருமில்லை. அழகுராக்குவின் ஒரே மகள் நாகரத்தினத்தைக் கட்டியவன்.

ஆடியில் மந்தை திரும்பி வந்தபோது பொட்டலைச் சுற்றி வேலி இருந்தது, வேலிக்குப் பூட்டு இருந்தது, பூட்டுக்குக் காவல்காரன் இருந்தான், காவல்காரனுக்குப் பச்சைத் தொப்பி இருந்தது. ஆடுகள் நெடுஞ்சாலை ஓரத்தில் மேய்ந்தன. லாரி அடித்துச் சில செத்தன, பாலிதீன் தின்று பல செத்தன. மந்தைக்கு முன்னால் நடக்கிற வயசான பெட்டையாடு வயிறு உப்பி விழுந்தபோது அழகுராக்கு அதன் வயிற்றைக் கீறிப் பார்த்தாள். உள்ளே, ‘மரம் வளர்ப்போம்’ என்று அச்சடித்த பச்சைப் பை சுருட்டிக்கொண்டு கிடந்தது. அவள் அழவில்லை. கத்தியைப் புல்லில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனுநாளுக்கும் போய்ப் பார்த்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி படித்தவர், தன்மையாகத்தான் பேசினார்.

“உலகமே சூடாகிக்கிட்டிருக்கும்மா. கடல் மேல ஏறி வருது. உலகத்துக்காக ஒரு பொட்டலை விட்டுக்குடுக்கக் கூடாதா?”

“உலகத்துக்கு நான் என்னய்யா செஞ்சேன்? நான் பஸ்ஸுல கூட ஏறுறதில்ல. ஆட்டை ஏத்த மாட்டேங்கிறாக.”

அதிகாரி சிரித்தார், பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல், யார் யார் சிரித்தது என்று திரும்பிப் பார்த்து முகங்களை மனதில் நிறுத்திக்கொண்டாள்.

இப்படியிருக்கும்போதுதான் புகை வந்தது. ஊர் முதலில் இருமியது, பிறகு இருமலுக்கு நடுவே பேசப் பழகியது, பிறகு பேச்சுக்கு நடுவே இருமுவதை மரியாதையாக எடுத்துக்கொண்டது. வெள்ளை வேட்டியைக் காயப்போட முடியாது என்றானதும் ஆம்பிளைகள் சாம்பல் நிறக் கைலிக்கு மாறினார்கள், மாப்பிள்ளை வீட்டார்கூட அப்படியே வந்தார்கள். புகைக்கென்று ஒரு நடைமுறை இருந்தது: உச்சிவெயிலில் படுக்கும், வெயில் தாழ எழுந்து காலாறும், மிரட்டினால் கறுக்கும். அதன் குட்டிகள், தலையணை அளவில், வழிதவறி அடுப்படிக்குள் வந்துவிடும். பெண்கள் ‘போ, ஒங்காத்தா தேடுவா’ என்று முறத்தால் விசிறிப் பத்திவிடுவார்கள். நெடுஞ்சாலையில் டீக்கடை வைத்திருந்த கபூர் ராவுத்தர் ‘சீமைப்புகை டீ’ என்று பலகை எழுதி மாட்டினார், கார்க்காரர்கள் இறங்கிக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள்.

மாசு அளக்கிற அதிகாரி இயந்திரத்தோடு வந்தார். இயந்திரம் கதறியது. அவர் அதை அணைத்துவிட்டு, சுற்றுவட்டாரத்தில் ஆலையே கிடையாது, ஆலை இல்லாத இடத்தில் ஆலைப்புகை இருக்க வழியில்லை, ஆகவே இது நீங்கள் விறகு எரிப்பதால் வருவது என்று எழுதிக்கொண்டு போனார். விறகடுப்பின் தீமைகள் பற்றி வீட்டுக்கொரு துண்டறிக்கை வந்தது. கம்பெனி, புகை பத்திரமாக வந்து சேர்ந்ததே திட்டத்தின் வெற்றி என்று விளம்பரம் கொடுத்தது. ஆளுங்கட்சி இது போன ஆட்சியின் புகை என்றது, எதிர்க்கட்சி அடுத்த ஆட்சியில் புகை இருக்காது என்றது. சென்னையில் குளிரூட்டிய மண்டபத்தில் ‘புகையும் பெண்களும்’ என்று கருத்தரங்கு நடந்தது. இருமிக் கெடுத்துவிடுவார்கள் என்று நெடுங்கள்ளிப் பெண் ஒருத்தியையும் கூப்பிடவில்லை. செங்கொடி பிடித்தவர்கள் வந்தார்கள், பச்சைக்கொடி பிடித்தவர்களும் வந்தார்கள், யார் முன்னால் நிற்பது என்று இரண்டு கொடிக்கும் தகராறாகி, போலீஸ் வந்து விலக்கிவிட்டது. பொட்டல் பொட்டலாகவே பூட்டிக் கிடந்தது.

ஒருநாள் வெயில் தாழ, மிச்சமிருந்த ஆடுகளை வேலியோரமாக ஓட்டிப்போன அழகுராக்கு, பின்தங்கிய சினையாட்டுக்காக நாக்கை மடித்து ‘த்ரூ, த்ரூவ்’ என்று குரல் கொடுத்தாள். சினையாடு வந்தது. அதன் பின்னால் புகையும் வந்தது. வேலிக்கடியில் நுழைந்து வெளியேறி, ஆடுகளுக்குப் பின்னால் அடக்கமாக வரிசை பிடித்து, அவள் நின்றபோது நின்றது, தொரட்டியை நீட்டியபோது திரும்பியது. அவள் அதைக் கொஞ்சநேரம், சந்தையில் ஆடு பிடிக்கிறவள் பல்லைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு நேராகக் கூட்டாளி சோணையிடம் போனாள்.

“அண்ணே, அது கிடைக்கு நிக்கும்.”

“எது, புகையா? எந்த வயலுக்குத் தாயி? அது புழுக்கை போடாதே.”

“போடும். எங்க போடணுமோ அங்க போடும்.”

சோணை வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “அப்ப வேலி போட்டவன்லருந்து ஆரம்பி,” என்றார்.

அந்த வருஷம் அவர்கள் தஞ்சாவூர்ச் சீமைக்குப் போகவில்லை. கிடை இங்கேயே இருந்தது. வேலி போட்ட கண்டிராக்டரின் மாடிவீட்டைச் சுற்றி முதல் கிடை. விடிந்தபோது பளிங்குத் தரையில் விரல்கனத்துக்குக் கரி படிந்திருந்தது, குடிக்கிற தண்ணீர் நிலக்கரியாக ருசித்தது, அவருடைய வெள்ளை நாய் சாம்பலாகி அவரையே பார்த்துக் குரைத்தது. அடுத்து, கன்று நட இடம் அளந்து கொடுத்தவர் வீடு. அடுத்து, ரிப்பன் வெட்டிய சட்டமன்ற உறுப்பினரின் தோட்ட பங்களா. அவர் ஜன்னலை அடைத்தார், புகை சாவித்துவாரத்தில் நுழைந்தது. துவாரத்தை மெழுகால் அடைத்தார், அது அவர் விட்ட மூச்சோடு திரும்பி உள்ளே போனது. மனுநாளில் சிரித்தவர்கள் வீடு ஒவ்வொன்றாக. மாசு அளக்கிற அதிகாரியின் குடியிருப்பில் புகை இரண்டு நாள் சேர்ந்தாற்போலப் படுத்தது, அங்கே அதற்கு இடம் பிடித்துப்போனது.

கரி படிந்த வீட்டுக்காரர்கள் மாசு அளக்கிற அதிகாரியை முன்னால் விட்டுக் காவல் நிலையத்துக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார்.

“ஆட்டை ஓட்டிவிட்டா கேஸ் போடலாம், மாட்டை ஓட்டிவிட்டா கேஸ் போடலாம். ஆலைப்புகைன்னு ஒண்ணு இங்க இல்லவே இல்லைன்னு நீங்கதானே சார் எழுதிக் குடுத்திருக்கீங்க. இல்லாததை அந்தம்மா எப்படி சார் ஓட்டும்?”

ஊர் முழுக்க அந்தப் பதிலைத் திருப்பித் திருப்பிச் சொல்லிச் சிரித்தது. நெடுங்கள்ளி சிரித்து வெகுநாளாகியிருந்தது. பகலில் அழகுராக்கு நடந்து போனால் டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள், சிலர் தங்களுக்கு ஆகாத பங்காளி வீட்டைச் சொல்லி அங்கேயும் ஒரு பொழுது கிடை போடச் சொன்னார்கள். “ஒங்க சண்டைக்கு ஒங்க அடுப்புப் புகையைப் போடுங்க,” என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் பொட்டல் திரும்பவில்லை. தீர்மானத்தை ரத்துசெய்ய மறுபடி கிராமசபை கூடவேண்டும், கூட்டவேண்டியவன் தவசிலிங்கம், அவன் கூட்டவில்லை. அவனுக்குப் பயமில்லை. பொழுது சாயும்போது ஊருக்குள் நுழைகிற புகை, அவன் தெருமுனைக்கு வந்ததும் அழகுராக்குவின் தொரட்டிக்குத் தலைவணங்கித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. குழாயடியில் முதலில் முணுமுணுப்பாக இருந்த பேச்சு பிறகு அவள் காதில் விழவேண்டும் என்றே உரக்க வந்தது: எல்லார் வீட்டுலயும் கிடை போடுறவ, மக வீட்டு வாசல்ல மட்டும் கோலம் போடுறா.

அழகுராக்கு நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அவள் ஆட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் நாகரத்தினம் கைக்குழந்தையோடு ஊரணிக்கரைக்கு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

“ஆத்தா, தண்ணிக்குப் போனா என்னையக் கண்டதும் குடத்தை நகட்டிக்கிறாளுக.”

“ஒன் வீட்டுக்காரரு செஞ்சதுக்கு நான் என்னடி செய்ய?”

“நீ ஒண்ணும் செய்யலையே, அதைத்தான் கேக்க வந்தேன். எங்க வீட்டுல எப்பப் போடப்போற?”

அழகுராக்கு ஆட்டின் முதுகில் ஒட்டியிருந்த நெருஞ்சியைப் பிடுங்கினாள். ஒன்றைப் பிடுங்கிய இடத்தில் இன்னொன்றைத் தேடினாள்.

“நீ உள்ள இருப்பியேடி.”

“இருப்பேன். பொட்டலை எழுதிக்குடுத்தபெறகு வந்த ஏசிக் காத்துல நானுந்தானே படுத்தேன்.” நாகரத்தினம் தலையைத் திருப்பி இருமிவிட்டுச் சொன்னாள்: “அந்த மனுசன் தெனமும் சாப்பிடும்போது சொல்றாரு, எங்க அத்தைக்கு மக மேல உசுரு, இந்தத் தெருவுக்குள்ள வராதுன்னு. ஒன் உசுரைக் கம்பிவேலியாக் கட்டிவச்சுக்கிட்டுச் சோறு திங்கிறாருத்தா. எனக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்குது.”

சொல்லிவிட்டுக் குழந்தையைத் தாயின் இடுப்பில் வைத்தாள். “இவளை நீ வச்சுக்க. நான் போய் உலையை எறக்கணும்.” திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அன்றைக்குப் பொழுது சாய, பேத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டு அழகுராக்கு மகள் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தாள். ஊர் வாசலில் நின்று பார்த்தது. தெருமுனையில் புகை வழக்கம்போலத் திரும்பப் பார்த்தது. அவள் தொரட்டியைக் குறுக்கே நீட்டி மறித்து, அடைத்துச் சாத்திய அந்தக் கதவைக் காட்டினாள். வேறெங்கும் அப்படிக் குரல் கொடுத்ததில்லை, அவ்வளவு நிதானமாக, ஒவ்வொரு குட்டியாகப் பேர்சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி, கடைசிக் குட்டி உள்ளே போகிறவரைக்கும் கொடுத்தாள்.

விடிந்ததும் தவசிலிங்கம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். சட்டை, மீசை, கண்ணிமை எல்லாம் ஒரே நிறமாக இருந்தன. உள்ளே நாகரத்தினம் இருமிக்கொண்டே வீடு பெருக்குகிற சத்தம் கேட்டது. அவள் வெளியே வரமாட்டேன் என்றிருந்தாள்.

“அத்தை, அதை எழுப்பிக் கூட்டிக்கிட்டுப் போங்க.”

“மாப்ள, நீங்க சபையைக் கூட்டுங்க. அது தானா எந்திரிக்கும்.”

“நெனைச்ச நேரம் கூட்ட முடியாது அத்தை. மே ஒண்ணு வரைக்குமாவது பொறுக்கணும்.”

“அதுக்கென்ன மாப்ள, அது வரைக்கும் அதுவும் படுத்திருக்கட்டும். ஒண்ணும் அவசரமில்ல.”

உள்ளே பெருக்குகிற சத்தம் நின்று, இருமல் மட்டும் கேட்டது. அழகுராக்குவின் கால் நகரவில்லை. தவசிலிங்கம் அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அது நகராது என்று தெரிந்ததும் எழுந்து போய், அவசரக் கிராமசபைக்குத் தமுக்கடிக்கச் சொன்னான்.

இந்தத் தடவை கீதாரிகள் ஊரில் இருந்தார்கள். பிரியாணி இல்லாமலே கூட்டம் நிறைந்தது. தீர்மானம் ரத்தானது, நாகரத்தினம் வாசலுக்கு வந்து காற்று வாங்கினாள், புகை பொட்டலுக்குத் திரும்பியது. கம்பெனி மட்டும் அசையவில்லை. தீர்மானம் உங்கள் ஊருக்கு, ஒப்பந்தம் உலகத்துக்கு என்றது. ஊரைச் சமாதானம் செய்ய, பங்குனி மாத உச்சிவெயிலில், சென்னை மேலாளர் அந்தப் பனி நாட்டு ஆலை முதலாளியையே காரில் கூட்டிவந்தார்.

முதலாளி கெட்ட மனிதராகத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பென்சில் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு கன்றின் பக்கத்திலும் அவருடைய ஊர்க் குழந்தை ஒன்றின் பெயர் எழுதிய பலகை நட்டிருப்பதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது. பிறகு புகை அவரை மோந்து பார்க்க வந்தது. அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இது என்ன என்று கேட்டார். மேலாளர், “இந்தப் பக்கத்துக் காலைப்பனி சார்,” என்றார். தான் பெற்ற புகையைத் தனக்கு அடையாளம் தெரியாமல், அவர் அதை விட்டு ரெண்டு எட்டு தள்ளி நின்றார். அழகுராக்கு வேலிக்கு வெளியே மந்தையோடு நின்று அதைப் பார்த்தாள்.

“மாப்ள, சாவி,” என்றாள்.

தவசிலிங்கம் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான். நல்லவனாகிவிட்டதால் அல்ல, இன்றைக்குப் பொழுது சாய எங்கே கிடை என்று அவனுக்குத் தெரியாததால்.

பூட்டு திறந்தது. ஆடுகள் ஒரு கணம் தயங்கின, பிறகு ஒன்று நுழைந்தது, ஒன்றின் பின்னால் எல்லாம் நுழைந்தன, நெடுஞ்சாலை ஓரத்துத் தூசியைத் தின்று வளர்ந்த பசி முழுவதையும் கொண்டு கன்றுகளைக் கடித்தன, இலையைத் தின்றன, குருத்தைத் தின்றன, தண்டைத் தின்றன, பெயர்ப் பலகைகளை மிதித்துக்கொண்டு அடுத்த கன்றுக்குப் போயின. மேலாளர் தலையில் கைவைத்துக்கொண்டு வந்தார்.

“உலகத்தையே கொல்றீங்கம்மா.”

“உலகம் அப்படியேதான்யா இருக்கு. ஒங்க கணக்குத்தான் செத்துப்போச்சு.”

கன்றுகள் தீர்ந்ததும் புகை எழுந்து நின்றது. தன்னைத் தின்பதற்கென்று வைத்திருந்தவை ஒன்றுகூட இல்லாததைக் கண்டு, அது இப்படியும் அப்படியும் திரும்பி, அழகுராக்குவைப் பார்த்தது. அவள் கிட்டே போனாள். வேறு கைக்குப் போகிற மந்தையிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

“அந்தா கார்ல ஏறுறாரு பாரு, அவருதான் ஒன் சொந்தக்காரரு. விட்டுறாத. வாசல்ல படு. வெரட்டினா வீட்டுக்குள்ள போய்ப் படு.”

நாக்கை மடித்துக் குரல் கொடுத்தாள். கார் புறப்பட்டது. பெரியது முன்னாலும் குட்டிகள் பின்னாலுமாகப் புகை நெடுஞ்சாலையில் ஏறி, லாரிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டு, காரின் பின்விளக்கை விடாமல், கடலிருக்கும் திசைக்கு நடந்தது. ராவுத்தர் கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று வழியனுப்பினார்கள்.

அடுத்த மழைக்குப் பொட்டலில் கொழுக்கட்டைப்புல் முளைத்திருந்த நாளில் டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார். அந்தப் பனி நாட்டு ஊரில் புகை வீட்டுக்கு வீடு படுத்துக்கிடக்கிறது, ஜன்னல் திறக்க முடியவில்லை, எந்த இயந்திரத்துக்கும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, இரண்டு சர்க்காரும் பேசித் தன்னை அனுப்பியிருக்கிறார்கள் என்றார். அழகுராக்கு அப்போது மண்டியிட்டு, ஈனமுடியாமல் கிடந்த ஓர் ஆட்டுக்குள் கையை விட்டுக் குட்டியின் காலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“நீங்க கூப்பிட்டாத்தான் வருமாம்மா. அங்கயும் குழந்தைங்க இருமுதுங்க.”

“இருமும்,” என்றாள் அழகுராக்கு. கால் கைக்கு அகப்பட்டது, மெதுவாக இழுத்தாள்.

“ஒரு குரல் குடுத்தாப் போதும்.”

அவள் தலையை நிமிர்த்திப் பொட்டலை ஒரு சுற்றுப் பார்த்தாள். “எம் மந்தையில ஒண்ணும் கொறையலையே சாமி. எல்லாம் இங்கதான் மேயுது. அவுக மந்தை அவுககிட்ட இருக்கு, அவுகளை மேய்ச்சுக்கச் சொல்லுங்க.”

குட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அவள் அதன் மூக்கில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து, வாயை வைத்து ஊதி, தாயின் முகத்துக்கு நேராக நகர்த்தி வைத்தாள். அதிகாரி வேறு பதிலுக்காக இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவள் அவரை உட்காரவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.